பழைய டார்கெட் பிஸ்டல் தங்கம் மாதிரி ஏறுமா? ஒரு ஆடிட்டரின் சொந்தக் கணக்கு



போன மாசம் பாலக்கோடு தக்காளி மண்டியில வியாபாரம் பண்ற ஒரு கிளையன்ட் ஆபீசுக்கு வந்தார். ரிட்டர்ன் வேலை முடிஞ்சது, டீ வந்தது. மெதுவா ஆரம்பிச்சார். "சார், கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட பழைய ஹேமர்லி பிஸ்டல் இருக்காம். பாயிண்ட் டூ டூ. சுவிஸ் மேக். நாலு லட்சம் கேக்கறார், கேஷா. இனிமே இந்த மாதிரி வராதாம், பத்து வருஷத்துல மூணு மடங்கு ஆகுமாம். தங்கம் மாதிரின்னு சொல்றாங்க. வாங்கிப் போடவா?"

"லைசென்ஸ் இருக்காண்ணா?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றார் சார்."

அந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' தான் இந்தப் பதிவு. நம்ம சேனல்ல தங்கம், நிலம், ஃபண்ட் எல்லாம் பேசியாச்சு, துப்பாக்கி பேசினதில்லை. ஆனா எனக்கு இதுல கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. நாலு வருஷமா நானே ஒரு பழைய ஏர் பிஸ்டல் வெச்சிருக்கேன். அதனால தைரியமா சொல்றேன்: பழைய டார்கெட் பிஸ்டல் முதலீடு இல்லை, செலவு. சந்தோஷமான செலவா இருக்கலாம், ஆனா செலவுதான். முதலீடுன்னு நினைச்சு வாங்கினா பணமும் போகும், சில சமயம் நிம்மதியும் போகும்.

முதல்ல ரெண்டையும் பிரிச்சுக்கோங்க

டார்கெட் பிஸ்டல்னு பொதுவா சொல்றதுக்குள்ள சட்டப்படி ரெண்டு வேற வேற பொருள் இருக்கு.

ஒண்ணு, தோட்டா போட்டுச் சுடற .22 பிஸ்டல். ஹேமர்லி 208, வால்தர் ஜி.எஸ்.பி., ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41 எல்லாம் இந்த வகை. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி இது துப்பாக்கிதான். வாங்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் கையில இருக்கணும். நம்ம ஊர்ல அதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும். லைசென்ஸ் வெச்சிருக்கிற தனிநபர் விற்கணும்னாலும், கலெக்டருக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் காத்திருக்கணும். "கேஷ் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னு யாராவது சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு, காத்தழுத்தத்துல ஈயக் குண்டு சுடற ஏர் பிஸ்டல். 2016 ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல போகாம, சக்தியும் 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் தேவையில்லை. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கினது இந்த வகைப் பிஸ்டல்லதான். பத்து மீட்டர் தூரம், 60 ஷாட், 75 நிமிஷம், நடுவுல இருக்கிற பத்துப் பாயிண்ட் வட்டத்தோட விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். நம்ம சட்டை பட்டன் அளவு.

லைசென்ஸ் வேண்டாம்னா கேள்வியே வராதுன்னு அர்த்தம் இல்லை. நம்ம மாவட்டத்துல பென்னாகரம், சித்தேரி மாதிரி காட்டோர ஊர்கள்ல நாட்டுத் துப்பாக்கி விவகாரம் இன்னும் முடியலை. ஒப்படைச்சுடுங்கன்னு போலீசும் வனத்துறையும் அடிக்கடி சொல்லிட்டே இருக்காங்க. துப்பாக்கி மாதிரி எது கண்ணுல பட்டாலும் நாலு கேள்வி வரும், வரவும் வேணும்.

விலை ஏறும்னு ஏன் சொல்றாங்க?

சொல்றவங்க முழுப் பொய் சொல்லலை. 1980-களின் நடுவுல பொதுமக்களுக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்னு போச்சு. அதுக்கு முன்னாடி வந்ததுதான் சுத்திச் சுத்தி கைமாறுது. அதனால வெளிநாட்டுல சாதாரண விலைக்குக் கிடைக்கிற கைத்துப்பாக்கி இங்க லட்சக்கணக்குல பேசப்படுது.

ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்த விலை அந்தப் பொருளோட தரத்தால வந்ததில்லை. அரசாங்கம் ஒரு கதவைச் சாத்தினதால வந்தது. அரசாங்கம் போட்ட கதவு எந்தப் பக்கம் வேணும்னாலும் திறக்கும், மூடும். ரெண்டு உதாரணம் சொல்றேன்.

2019 டிசம்பர்ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதுவரைக்கும் ஒருத்தர் மூணு துப்பாக்கி வெச்சிருக்கலாம். திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டுதான். மூணாவது வெச்சிருந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள ஒப்படைக்கணும். விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, சாதாரண ஆளுக்கு இல்லை. 'முதலீடா' மூணு வாங்கி வெச்சவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க. ஒரே சமயத்துல எல்லாரும் விற்க வந்தா விலை என்ன ஆகும்?

ரெண்டாவது, விளையாட்டு விதி. 50 மீட்டர் பிஸ்டல்னு ஒரு போட்டி இருந்தது. அதுக்குன்னே செஞ்ச ஃப்ரீ பிஸ்டல்கள் உண்டு. ரஷ்யத் தயாரிப்பு டோஸ் 35 எல்லாம் ஒரு காலத்துல ராஜா. 2016 ரியோவுக்கு அப்புறம் அந்தப் போட்டியை ஒலிம்பிக்ஸ்ல இருந்தே எடுத்துட்டாங்க. துப்பாக்கி அதேதான், அதோட துல்லியமும் அதேதான். ஆனா ஒலிம்பிக் கனவோட அதை வாங்க வர்ற இளசுங்க இனிமே வர மாட்டாங்க.

"லண்டன்ல ஒரு பழைய ஏர் பிஸ்டல் கோடிக்கணக்குல போச்சே சார்"னு கேப்பீங்க. உண்மைதான். 2010-ல கிறிஸ்டீஸ் ஏலத்துல ஒரு வால்தர் எல்.பி. 53 ஏர் பிஸ்டல் சுமார் 2 லட்சத்து 77 ஆயிரம் பவுண்டுக்குப் போச்சு. காரணம், 1963-ல வந்த ஃப்ரம் ரஷ்யா வித் லவ் பட விளம்பரத்துக்கு ஷான் கானரி போஸ் கொடுத்தப்போ கையில இருந்தது அதுதான். ஜேம்ஸ் பாண்டோட நிஜத் துப்பாக்கி ஸ்டூடியோவுக்கு வராததால, போட்டோகிராபர் தன்னோட ஏர் பிஸ்டலைக் கொடுத்துச் சமாளிச்சார். ஏலத்துல விலை போனது கானரியோட பேர். அதே மாடல் நம்ம கையில இருந்தா அது வெறும் பழைய ஏர் பிஸ்டல்தான்.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது

இது எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். அடையாளம் தெரியாம சொல்றேன்.

கணவர் இறந்து பதினாலு மாசம் கழிச்சு ஒரு அம்மா, அவரோட கடைசி வருஷ ரிட்டர்ன் போடறதுக்காக வந்தாங்க. சொத்து லிஸ்ட் எழுதிட்டு வந்தோம். வீடு, ரெண்டு ஏக்கர், எஃப்.டி., எல்.ஐ.சி. கடைசியா, "தம்பி, அவரு சின்ன வயசுல போட்டிக்கெல்லாம் போவாரு. ஒரு துப்பாக்கி பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. நாலு லட்சம் பெறும்னு சொல்லிட்டே இருப்பாரு. அதையும் எழுதிக்கோ"ன்னாங்க.

எனக்குக் கை நின்னு போச்சு. அது .22 பிஸ்டல். லைசென்ஸ் அவர் பேர்ல இருந்தது. அவர் போனதும் அந்த லைசென்ஸ் இவங்களைக் காப்பாத்தாது. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம் ஜெயில். சட்டத்தோட 21-ஆவது பிரிவு, வெச்சிருக்கிற உரிமை போனதும் தாமதம் பண்ணாம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு சொல்லுது. அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் புருஷன் ஞாபகம்னு தொட்டுப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான்.

அன்னைக்கே வக்கீலைக் கூப்பிட்டோம். நடந்ததை எழுதி, இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் நகல் எல்லாம் வெச்சு ஸ்டேஷன்ல கொடுத்து, ஒப்படைச்சு, ரசீது வாங்கினோம். நல்லபடியா முடிஞ்சது. வாரிசுகள் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க விதி இருக்கு. ஆனா பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல வேலை, யாருக்கும் அதுல விருப்பம் இல்லை. கடைசியில டீலர் வழியா வித்தாங்க. நாலு லட்சம்னு அவர் சொன்ன பொருளுக்குக் கைக்கு வந்தது ஒரு லட்சத்துக்கும் கீழ.

ஏன் இவ்வளவு குறைவு? தங்கத்தை எந்தக் கடையிலயும் குடுத்துப் பணம் வாங்கலாம். இதை வாங்க லைசென்ஸ் உள்ளவர், அதுலயும் .22 பிஸ்டல் வேணும்னு நினைக்கிறவர் வரணும். அவசரமா விற்கணும்னா அவர் சொல்றதுதான் விலை. ஒப்படைச்ச துப்பாக்கியை உரிய காலத்துக்குள்ள திருப்பி வாங்காம, விற்காம விட்டா அரசாங்கத்துக்கே போயிடும். கெடு வெச்ச சொத்துல பேரம் பேச முடியாது.

என் கணக்கு: 60,000 எப்படி 1,12,000 ஆச்சு

இப்போ என் கதை. கோயம்புத்தூர்ல ஒரு வயசான ஷூட்டர்கிட்ட வாங்கினேன். ஃபெயின்வெர்க்பாவ் 65. ஜெர்மனியில ஓபர்ன்டார்ஃப் ஊர்த் தயாரிப்பு. 1965-ல வந்த மாடல். சேலத்துல இருந்து பிரிஞ்சு நம்ம தர்மபுரி மாவட்டம் உருவான அதே வருஷம். அந்தப் பாசமும் ஒரு காரணம்னு ஒத்துக்கறேன்.

பக்கவாட்டுல ஒரு லீவர். அதை இழுத்தா உள்ள ஸ்ப்ரிங் அழுந்தும். சுடும்போது பேரலும் மேல்பகுதியும் தண்டவாளம் மாதிரி ஒரு தடத்துல பின்னாடி நகர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கும், கைக்குத் தெரியாது. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம். பழசு வாங்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். புது வகை ஏர் பிஸ்டல்ல 200 பார் அழுத்தத்துல காத்து நிரப்பற சிலிண்டர் இருக்கும், அதுக்குக் காலாவதித் தேதி உண்டு, பொதுவா பத்து வருஷம். பிஸ்டல் மலிவா கிடைக்குதுன்னு வாங்கி, சிலிண்டர் தேதி முடிஞ்சிருந்தா அது மலிவு இல்லை.

முதல் வருஷம் என் நோட்டுல இருக்கிற கணக்கு:

பிஸ்டல்: 60,000
போக்குவரத்து, பூட்டு உள்ள பெட்டி: 4,500
ஸ்ப்ரிங், சீல் மாத்தி சர்வீஸ்: 9,000
பெல்லட் 25 டப்பா, டப்பா 700 வீதம்: 17,500
குண்டு பிடிக்கும் பெட்டி, டார்கெட் அட்டை: 3,000
கிளப் கட்டணம், சேலம் போய் வந்த செலவு: 18,000
மொத்தம்: 1,12,000

பெல்லட் 25 டப்பாவான்னு கேக்காதீங்க. வாரம் நாலு நாள், ஒரு நாளைக்கு 60 ஷாட்னா வருஷத்துக்கு 12,480. டப்பாவுக்கு 500. கணக்கு சரியா வரும்.

அதாவது விலை 60,000, முதல் வருஷச் செலவு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுக்கப்புறமும் வருஷம் சுமார் 38,500 போகுது. இதே 60,000-ஐ 7 சதவீத எஃப்.டி.யில பத்து வருஷம் விட்டிருந்தா 1,18,000 ஆகியிருக்கும். என் பிஸ்டலைப் பத்து வருஷம் கழிச்சு 1,18,000-க்கு வித்தாலும், நடுவுல போட்ட செலவு திரும்பாது. திரும்பணும்னு நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு பைக் வாங்கினா அது விலை ஏறும்னா நினைக்கிறோம்?

அதனால என் விதி இது. அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், பசங்க படிப்பு எஸ்.ஐ.பி. மூணும் ஓடணும். அதுக்கப்புறம் பிஸ்டல் விலை மாதிரி ரெண்டு மடங்கு பணம், போனாலும் பரவாயில்லைங்கற பணம், தனியா இருக்கணும். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யிலயோ வேண்டவே வேண்டாம். உங்க பையனோ பொண்ணோ போட்டிக்குப் போறாங்கன்னா கணக்கு வேற. அப்போ புதுசு, உதிரிபாகம் கிடைக்கிறது, நல்ல கோச் இதுக்குத்தான் பணம் போகணும். பழசு ஆசைக்கு இல்லை.

காகிதம் முதல்ல, இரும்பு அப்புறம்

வாங்கும்போது எல்லாரும் முதல்ல பேரலைத்தான் பார்ப்பாங்க. நான் முதல்ல பில்லைப் பாத்தேன். அந்தப் பெரியவர் சிரிச்சார். "தம்பி ஆடிட்டர்னு சொல்லவே வேணாம், தெரியுது"ன்னார்.

பில் கேட்டதோட பலன் அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சது. தொப்பூர் கணவாய் தாண்டி வாகனச் சோதனை. பையைத் திறக்கச் சொன்னாங்க. பெட்டியைப் பாத்ததும் ஏட்டையா முகம் மாறிடுச்சு. சீரியல் நம்பர் போட்ட பழைய பில், விற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது, என் ஆதார், மாடல் விவரம் நாலையும் காட்டினேன். பத்து நிமிஷம் பாத்துட்டு, "ஸ்போர்ட்ஸா? சரி போங்க சார், பஸ்ஸுல எல்லாம் வெளிய எடுக்காதீங்க"ன்னார். அந்த நாலு காகிதம் இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி நான் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.

பழசு வாங்கறவங்க பார்க்க வேண்டியது:

1. பில், சீரியல் நம்பர். ரெண்டும் பொருந்தணும். வீரர்கள் வரிச்சலுகையில இறக்குமதி பண்ணினதா இருந்தா, கஸ்டம்ஸ் காகிதம் கேளுங்க, விற்க நிபந்தனை ஏதும் இருக்கான்னு படிச்சுப் பாருங்க.
2. பணம் பேங்க் வழியாத்தான். ரசீது எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.
3. பத்து மீட்டர்ல அஞ்சு ஷாட் சுட்டுக் காட்டச் சொல்லுங்க. நல்ல பிஸ்டல்னா ஓட்டைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிற்கும்.
4. லீவரை இழுத்துப் பிடிச்சிருக்கிற பூட்டு வேலை செய்யுதா? குண்டு போடும்போது லீவரை ஒரு கையால கெட்டியாப் பிடிச்சுக்கணும். விட்டுட்டா விரல் போயிடும்.
5. மரப் பிடியில விரிசல், திருகுகள்ல ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின தழும்பு. தழும்பு இருந்தா யாரோ வீட்டுலயே பிரிச்சு விளையாடியிருக்காங்க.
6. சீல், ஸ்ப்ரிங் எங்க கிடைக்கும்? இதுக்குப் பதில் தெரியாம வாங்கினா அது பிஸ்டல் இல்லை, அலங்காரப் பொருள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை, ஒழுங்குதான் வேணும். ஸ்ப்ரிங் பிஸ்டலைக் குண்டு இல்லாம சுடாதீங்க. பிஸ்டன் நேரா முன்னாடி போய் மோதும். லீவரை இழுத்த நிலையிலேயே விட்டு வைக்காதீங்க. தையல் மெஷின் எண்ணெயை உள்ள ஊத்தாதீங்க. அழுத்தத்துல எண்ணெய் தீப்பிடிச்சு சீலைக் கெடுக்கும். வெளி இரும்புக்கு மட்டும் துணியில ஒரு சொட்டு. பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பான்ஜ் ஈரத்தைப் பிடிச்சு வெச்சு துரு ஏத்தும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாசம் ரெண்டு தடவை எடுத்துத் துடைங்க. குண்டு ஈயம். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம சாப்பாட்டுல கை வைக்காதீங்க.

புதுசுன்னாலும் பராமரிப்பு தப்பாது. 2021-ல டோக்கியோவுல போட்டி நடுவுலேயே மனு பாக்கரோட பிஸ்டல்ல கோளாறு வந்து பொன்னான நிமிஷங்கள் போச்சு. 575 எடுத்து 12-ஆவது இடம். ஒலிம்பிக் வீராங்கனைக்கே அப்படின்னா, நம்ம அறுபது வருஷப் பழசு எம்மாத்திரம்.

வரி என்ன சொல்லுது?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வருமான வரிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற அசையும் பொருள் மூலதனச் சொத்துல சேராது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் மாதிரி சில விதிவிலக்கு உண்டு. நான் சுடறதுக்கு வெச்சிருக்கிற பிஸ்டலை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தைக் கணக்குல காட்டவும் முடியாது.

"முதலீடா வாங்கி லாக்கர்ல வெச்சேன்"னு சொன்னீங்கன்னா? சொந்த உபயோகம்ங்கற வாதம் போச்சு. 1976-ல மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்குல, பூஜையில வைக்கிற தங்க நாணயமும் வெள்ளிக் காசும் சொந்த உபயோகப் பொருள்னு வாதாடினாங்க. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கலை. எப்பவாவது எடுத்து வைக்கிறது போதாது, நெருக்கமான சொந்த உபயோகம் வேணும்னு சொல்லிடுச்சு. ஆக, முதலீடுன்னு சொல்றவருக்கு வரி, விளையாட்டுன்னு சொல்றவருக்கு வரி இல்லை. சட்டமே பக்கம் எடுத்துடுச்சு!

இன்னொண்ணு, ஒரே பரிவர்த்தனையில ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். நாலு லட்சம் கேஷ் கேட்டவருக்கு இது தெரியுமோ தெரியாதோ.

கடைசியா ஒரு காகிதம்

பாலக்கோடு அண்ணன் வாங்கலை. "அப்போ எஸ்.ஐ.பி.யை ஏத்திடுங்க சார், பொண்ணுக்கு ஒரு ஏர் பிஸ்டல் மட்டும் பாருங்க, ஸ்கூல்ல ஆசைப்படறா"ன்னு சொல்லிட்டுப் போனார். அது நல்ல செலவு.

வெச்சிருக்கிறவங்ககிட்ட ஒரே வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரி ஒரு தாள் எடுத்து எழுதுங்க. என்ன மாடல், என்ன சீரியல் நம்பர், பில் எங்க, லைசென்ஸ் இருந்தா அதோட நகல் எங்க, எனக்கு ஏதாவது ஆனா முதல்ல யாருக்குப் போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரம் ஒப்படைக்கணும். அதை இன்சூரன்ஸ் ஃபைல்ல வெச்சு, வீட்டம்மாகிட்ட காட்டுங்க. என்னோடது ஏர் பிஸ்டல்தான், லைசென்ஸ் இல்லை. ஆனாலும் எழுதி வெச்சிருக்கேன். கடைசி வரியில, "இது பெரிய விலைக்குப் போகாது, யாராவது சுடற பிள்ளைக்குக் கொடுத்துடு"ன்னு எழுதியிருக்கேன்.

அந்த அம்மா பீரோ முன்னாடி பதினாலு மாசம் தெரியாம நின்ன மாதிரி, உங்க வீட்டுல யாரும் நிற்க வேண்டாம்.

இது பொதுவான தகவல்தான். உங்க விஷயத்துக்கு உங்க ஊர் வக்கீல், ஆடிட்டர்கிட்ட கேட்டு முடிவு எடுங்க. உங்க வீட்டுல இந்த மாதிரி பழைய பொருள் இருந்தா, அனுபவத்தை வீடியோவுக்குக் கீழ எழுதுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.